சம்பளம் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

“மார்க்கெட் ரேட்டே இவ்வளவுதான்மா.” பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை கேட்டுப் போகிறவர்கள் இதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். சம்பளத்தைச் சந்தை மட்டுமே முடிவு செய்கிறது என்றால், முதலாளி ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) குறைத்த மறுநாளே ஆட்கள் எல்லாரும் வேறு கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? புக்கிட் மெர்தாஜாமில் வீடு, பிள்ளைகளின் பள்ளி, கம்பெனி பஸ் வரும் நேரம் எல்லாம் ஆளைக் கட்டிப்போடுகின்றன. அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு தூரம் சம்பளத்தைக் கீழே பிடித்து வைக்கலாம். வேலை பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். உழைப்பை வாங்குகிறவர் ஒருவரே என்ற நிலைக்கு ‘மோனாப்சனி’ என்ற சொல்லை 1933-இல் பொருளியலுக்குள் கொண்டுவந்தவர் ஜோன் ராபின்சன்.

“சம்பளத்தை ஏற்றினால் வேலை போய்விடும்” என்று எப்போதும் நம்புவது அடுத்த தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டறையில் பத்துப் பேர், ஆளுக்கு 1,800 வெள்ளி. பதினோராவது ஆள் 1,900-க்குத்தான் வருவார். அவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். பத்துப் பேருக்கும் நூறு நூறு ஏற்ற வேண்டும். ஆக அந்த ஒருவருக்கான செலவு 2,900. அவரால் வரும் வருமானம் 2,400 என்றால், முதலாளி இடத்தைக் காலியாகவே விடுவார். இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,900 என்று சட்டம் வந்தால்? பத்துப் பேருக்கும் எப்படியும் 1,900 கொடுத்தாக வேண்டும். புது ஆளுக்கான கூடுதல் செலவு 1,900 மட்டுமே. வேலை கூடுகிறது! அதையே 2,600 ஆக்கினால் அந்த இடம் போய்விடும். ஏற்றம் எந்த அளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மலேசியாவில் இப்போதைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி, ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து பேர் உள்ள இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதலும் நடப்புக்கு வந்தது. இது பேசிக் (அடிப்படைச்) சம்பளத்துக்கான தொகை. அலவன்ஸைச் சேர்த்து 1,700 காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது மொத்தத் தொகையில். ஓர் இடத்தில் பேசிக் 1,700, பயண அலவன்ஸ் 400. இன்னொன்றில் பேசிக் மட்டும் 2,000. முதலாவது நூறு வெள்ளி கூடுதலாகத் தெரியும். ஆனால் ஓவர்டைம் கணக்கில் பயண அலவன்ஸ் சேராது. பேசிக்கை 26-ஆலும் பிறகு 8-ஆலும் வகுத்து, ஒன்றரையால் பெருக்க வேண்டும். முதலாவதில் மணிக்கு 12.26 வெள்ளி, இரண்டாவதில் 14.42. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் இரண்டாவது ஏறக்குறைய 30 வெள்ளி முந்திவிடும். பயண அலவன்ஸுக்கு இபிஎப்பும் (ஊழியர் சேமநிதி) கிடையாது. அந்த 300 வெள்ளி பேசிக் வித்தியாசத்தில் முதலாளியின் 13 விழுக்காடு, அதாவது மாதம் 39 வெள்ளி, உங்கள் கணக்குக்கு வராமல் போகும்.

“விலகினால் இதே துறையில் வேறு இடத்தில் சேரக்கூடாது” என்ற வரியைப் பார்த்துப் பயந்து அசையாமல் இருப்பவர்களும் உண்டு. மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது.

விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வேலை தேடுவது வேண்டாம். பேரம் பேசும் பலம் அன்றே பாதியாகிவிடும். புது இடத்தின் ஆஃபர் லெட்டரில் பேசிக் தொகை எழுத்தில் வந்த பிறகே நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம்.