திருவாரூர் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் ஊர்க் கீழவீதியில் வேன்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். இறங்குகிறவர்கள் பூக்கடையில் கேட்கும் முதல் கேள்வி, “உள்ளே போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?” என்பதுதான். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாரையாவது தியாகராஜர் கோயிலுக்குக் கூட்டிப் போய்க்கொண்டே இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம். நாங்கள் வெளியூர்க் கோயில்களில் செய்துகொண்டிருந்த அதே தவறுகள்தான்.

செருப்பை எங்கே விடுவது, என்ன உடுத்துவது, போனை எப்போது அணைப்பது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அரை மணி நேரக் கணக்கு

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிறவர்கள், திருநள்ளாறுக்கும் ஆலங்குடிக்கும் நடுவே ‘திருவாரூர், 30 நிமிடம்’ என்று தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். திருநள்ளாற்று வரிசை இவர்கள் நினைத்த நேரத்தில் நகராது. அங்கே ஒரு மணி நேரம் தாமதமானால், இங்கே வந்து சேரும்போது நடை சாத்தியிருக்கும். பகல் 12 மணிவாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

கொஞ்ச நாள் முன்பு கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தெரிந்தவர் சொல்லியிருந்ததால் கோபுர வாசலில் காத்திருந்தேன். வந்து சேர்ந்தபோது மணி 12.20. வேனிலிருந்து முதலில் இறங்கியவர் ஒரு பெரியவர், எண்பதை நெருங்கும் வயது. கழுத்தில் உருத்திராட்சம், கையில் அட்டை கிழிந்த தேவாரப் புத்தகம். நாற்பது வருடமாக வீட்டில் ஓதுகிறவராம். ஆரூர்ப் பதிகங்கள் அத்தனையும் பாடம். ஆரூரை மட்டும் பார்த்ததில்லை. நடை சாத்தியாகிவிட்டது என்றதும் வெயிலில் அப்படியே நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாலு மணி வரைக்கும் இருப்போம்பா” என்றார். மகன் தாளைப் பார்த்தார். “இன்னும் நாலு கோயில் பாக்கி இருக்குப்பா. ராத்திரி கும்பகோணத்துல ரூம் போட்டிருக்கு.” எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்திருங்கள், மாலைப் பூசையான சாயரட்சை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பெரியவர் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேனில் ஏறினார். அந்த வயதில் அவரை மறுபடியும் யார் அழைத்து வரப் போகிறார்கள்?

சரி, நேரத்துக்கு வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் என்ன பார்க்க முடியும்? ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி’ என்பது இந்த ஊர்ப் பெருமை. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அப்படியென்றால் கோயில் மட்டும் சுமார் 33 ஏக்கர், பக்கத்திலேயே அதே அளவுக்குக் கமலாலயம். கீழைக் கோபுரத்திலிருந்து தியாகராஜர் சன்னதி வரை போய்த் திரும்பவே உங்கள் நேரம் சரியாகிவிடும்.

அவசரத்தில் வருகிறவர்கள் தியாகராஜரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவருக்கு வடபக்கம் புற்றிடங்கொண்டார், அதாவது வன்மீகநாதர், இருக்கிறார். கோயிலின் மூலவர் அவர்தான். தியாகராஜர் சோமாஸ்கந்தத் திருமேனி, அதாவது சிவனும் உமையும் நடுவே முருகனும். இரண்டு சன்னதியும் ஒட்டியே இருந்தும் பாதிப் பேர் ஒன்றோடு வந்துவிடுகிறார்கள். முதலாம் ராஜேந்திர சோழனும் அவனுக்கு நெருக்கமான அணுக்கி பரவை நங்கையும் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் தெரியும்படி அங்கே குத்துவிளக்கு வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டாமா?

அதைவிடப் பெரிய இழப்பு சாயரட்சை. சாயரட்சைக்கு ஆரூர், அர்த்தசாமத்துக்குத் தில்லை என்பார்கள். அந்த நேரத்தில் இந்திரனும் தேவர்களும் இங்கே வந்து வணங்குவதாக நம்பிக்கை. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூட்டம் தானாகச் சேரும். நின்ற கோலத்தில் இருக்கும் நந்திக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம் வாசிக்கக் கிடைத்துவிட்டால், ஒவ்வொரு முகத்துக்கும் ஒலி எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். நடு முகம் பெரியது, அதன் நாதம் அடிவயிற்றில் இறங்கும். வீதிவிடங்கர் என்னும் மரகத லிங்கத்துக்குக் காலையிலும் மாலையிலும் அபிஷேகம் உண்டு. பகல் பதினொன்றரைக்கு ஓடி வருகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே திருவாரூருக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அதுவும் பிற்பகலை. மூன்று மணிக்கு வந்து குளக்கரையில் ஆரம்பித்து, சாயரட்சை முடித்துக் கிளம்புவதுதான் சரி. முடியாதென்றால் வேறு இரண்டு கோயிலைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

குளத்தைப் பார்க்காமலே போவது

கமலாலயம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. கீழவாசலில் நுழைந்து கீழவாசலிலேயே வெளியேறுகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. “குளம் பெரிசுன்னாங்களே, எங்கேங்க?” என்று வேனில் ஏறிய பிறகு கேட்டவர்கள் உண்டு.

குளத்தைப் பார்க்காதவருக்குக் கோயிலில் பாதி புரியாது. திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு இந்தக் குளத்தில் இறங்கித்தான் எடுத்தார். ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதன் குளம் இதுதான். அந்தப் பொன்னின் மாற்றை, அதாவது தரத்தை, பார்த்துச் சொன்ன மாற்றுரைத்த பிள்ளையார் குளக்கரையிலேயே இருக்கிறார். சின்னக் கோயில், தேடித்தான் போக வேண்டும்.

நாயன்மார்களில் ஒருவரான, கண் தெரியாத தண்டியடிகள் தூர்ந்துபோன இந்தக் குளத்தைத் தனியாளாகத் தோண்டியவர். குளத்துக்குள் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம் நட்டு, இடையில் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்கூடையைச் சுமந்து ஏறி இறங்கினார் என்கிறது பெரியபுராணம். பரந்து கிடக்கும் தண்ணீருக்கு முன்னால் நின்று இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அப்புறம் இன்னொரு நாயனார், நமிநந்தியடிகள். அரநெறியில் விளக்கேற்ற எண்ணெய் கிடைக்காதபோது இங்கே தண்ணீர் முகந்து போய் ஊற்றி விடிய விடிய விளக்கெரித்தவர். அந்த அரநெறிதான் கோயிலுக்குள் தென்கிழக்கே இருக்கும் அசலேசுவரர் சன்னதி. தனிப் பாடல் பெற்ற தலம், சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, எடுப்பித்தது. குளத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டு அங்கே போய் விளக்கைப் பார்க்கிறவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நேராக உள்ளே போகிறவருக்கு அது வழியில் இருக்கும் இன்னொரு சன்னதி, அவ்வளவுதான்.

வழி இதுதான்: மேலைக் கோபுரத்துக்கு எதிரே குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நடுவில் தீவு மாதிரி தெரிவது நாகநாதர் கோயில். படகு ஓடினால் போய் வரலாம். பிறகு வடக்கு மதில் ஓரமாகவே நடந்து கிழக்கே வந்தால் வடகிழக்கு மூலைப் பக்கம் மனுநீதிச் சோழன் கல்தேர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கீழைக் கோபுரத்தில் நுழையுங்கள்.

பாசிப் படி

தண்ணீருக்கு மேலே தெரியும் கடைசிப் படியில் நில்லுங்கள். அதற்கு அடுத்த படி நனைந்து, பச்சை பூத்து இருக்கும். காலை வைத்ததும் வழுக்கும். கால் நனைக்க ஆசைப்படும் வயதானவர்களைப் படியில் உட்கார வைத்து, ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள். இருட்டிய பிறகு இறங்கவே வேண்டாம்.

துணியைக் குளத்தில் விடுவது

குளித்துவிட்டு உடுத்திய துணியை அங்கேயே விடும் திருநள்ளாற்றுப் பழக்கத்தை இங்கே கொண்டு வராதீர்கள்.

மீனுக்குப் பொரி

போடுங்கள். பொரி வாங்கிய பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்துப் போங்கள்.

பாதம் பார்க்க வேண்டும் என்று கேட்பது

தியாகராஜரின் திருமுகம் மட்டுமே தரிசனத்துக்கு உண்டு. மேனி முழுவதும் மலராலும் துணியாலும் மூடியிருக்கும். மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் மட்டும் பாத தரிசனம். மற்ற நாளில் அர்ச்சகரிடம் தனியாகக் கேட்பதும், அதற்காகத் தட்டில் பணம் வைப்பதும் அவரைச் சங்கடப்படுத்தும்.

கமலாம்பாளை விட்டுவிடுவது

அம்பாள் சன்னதி எங்கே என்று கேட்டு நீலோத்பலாம்பாளைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். கமலாம்பாள் வேறு. வெளிப் பிராகாரத்தில் வடமேற்கே தனிக்கோயில். கால் மேல் கால் இட்டு யோகத்தில் அமர்ந்திருக்கிறாள். முத்துசுவாமி தீட்சிதர் நவாவரணக் கீர்த்தனைகள் பாடியது இவள்மேல்தான். சங்கீதம் தெரிந்தவர்கள்கூட இதைத் தவறவிட்டுப் போய், வீட்டிலிருந்து போன் செய்து வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

ஓவியத்தின் மேல் பிளாஷ்

தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் என்னும் சோழ அரசனின் கதை வரைந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு வேலை. காட்சிக்குக் காட்சி தமிழில் எழுத்தும் உண்டு. வரைந்தவர் சிங்காதனம் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். பழைய ஓவியங்களில் இப்படிப் பெயர் கிடைப்பது அபூர்வம். இந்திரன் ஒரே மாதிரி ஏழு தியாகராஜர் திருமேனிகளைக் காட்டி, உண்மையானது எது என்று முசுகுந்தனைச் சோதித்த கதைதான் அங்கே விரிகிறது. அந்த ஏழும்தான் சப்தவிடங்கத் தலங்கள் என்னும் ஏழு ஊர்களில் இருப்பவை. அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும், பரவாயில்லை. பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். தூணில் சாய்ந்து எண்ணெய்த் தலையைத் தேய்க்காதீர்கள். மண்டபம் பூட்டியிருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள். திறப்பார்கள் என்று உறுதி இல்லை. அதனால் இதற்காக மட்டும் தூரத்திலிருந்து கிளம்பி வர வேண்டாம்.

முதல் முறையே தேர் நாளில் வருவது

ஆழித்தேரைப் பார்க்க வேண்டியதுதான். அலங்கரித்து நிறுத்தினால் 96 அடி உயரம். வீதி திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அன்றைக்குத் தியாகராஜர் தேரில் இருப்பார், சன்னதியில் இருக்க மாட்டார். கூட்டத்தில் கோயிலையும் சுற்ற முடியாது, குளக்கரையிலும் உட்கார முடியாது. முதலில் சாதாரண நாளில் ஒருமுறை வந்துவிடுங்கள், தேருக்கு அடுத்த பங்குனியில் வரலாம். விசேஷ நாட்களில் நடை திறக்கும் நேரமும் மாறும், கிளம்பும் முன் கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.