பிள்ளையளின்ட வளர்ச்சிய மேப்பில போடுறது எப்பிடி (திருகோணமலைக்காரருக்கு)

வளர்ச்சி குறைஞ்ச பிள்ளையள் இத்தினை வீதம் எண்டு மாவட்டத்துக்கு ஒரே கணக்கு சொன்னா ஒருத்தருக்கும் உதவாது, வெருகலும் டவுனும் ஒண்டில்ல, குச்சவெளிக் கரையும் கந்தளாய் வயலும் ஒண்டில்ல. 2020ல நேச்சர் சஞ்சிகையில 105 நாடுகளுக்கு பிள்ளையளின்ட வளர்ச்சிக் குறைய 5 கிலோமீற்றர் கட்டங்கட்டமா காட்டி மேப் வந்தது, உலகத்தப் பாக்க அது நல்லம், ஆனா திரிபோஷா (அரசாங்கம் குடுக்கிற சத்துமா) எந்தப் பக்கம் கூடப் போகோணும் எண்டு முடிவெடுக்க ஜிஎஸ் பிரிவு (கிராமசேவகர் பிரிவு) மட்டத்தில நாங்கதான் போடோணும்.

முதல்ல கிளினிக்கில அளந்த பதிவுகள எடுக்க எம்ஓஎச் ஒபிசில (சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில) அனுமதி எடுங்கோ. பேர், விலாசம் வேணாம். பிறந்த திகதி, ஆணா பெண்ணா, நிறை, உயரம், அளந்த திகதி, ஜிஎஸ் பிரிவு, இவ்வளவும் காணும்.

வயசை "ரெண்டு வயசு" எண்டு தோராயமா எழுதாதீங்கோ, பிறந்த திகதியே வேணும், இல்லாட்டி கட்டைப் பிள்ளை நல்ல வளர்த்தியாவும் நல்ல பிள்ளை கட்டையாவும் தெரியும். ரெண்டு வயசுக்குக் கீழ எண்டா படுக்க வச்சுத்தான் அளக்கோணும், நிக்க வச்சு அளந்தா 0.7 சென்ரிமீற்றர் கூட்டோணும்.

பிறகு டபிள்யூஎச்ஓ ஆன்த்ரோ எண்ட உலக சுகாதார நிறுவன மென்பொருளில போடுங்கோ, இலவசம். அது ஒவ்வொரு பிள்ளைக்கும் இசட் ஸ்கோர் (அந்த வயசு அல்லது உயரத்துக்குரிய நடுவளவில இருந்து எவ்வளவு விலகியிருக்கு எண்ட கணக்கு) தரும், அது மைனஸ் 2க்குக் கீழ போனா குறை எண்டு கணக்கில எடுங்கோ. வயசுக்கேத்த உயரம் இல்லாதது (கட்டை) ஒரு மேப், உயரத்துக்கேத்த நிறை இல்லாதது (மெலிவு) இன்னொரு மேப், தயவுசெய்து ரெண்டையும் கலக்காதீங்கோ. முதலாவது வருசக்கணக்கா நடந்த குறை, ரெண்டாவது கொஞ்ச நாளிலயே ஏறி இறங்கும், மாரியில கடலுக்குப் போகேலாம வருமானம் நிண்டா, வயித்தாலடி வந்தா, உடன தெரியும். அதனால எல்லா ஊரையும் ஒரே மாசத்தில எடுங்கோ. 2016 கணக்கெடுப்பில இலங்கையில கட்டைப் பிள்ளையள் 17 வீதம், மெலிஞ்ச பிள்ளையள் 15 வீதம், அந்த 15 உலக சுகாதார நிறுவன அளவுகோலில ஆகக் கூடின மட்டம், மெலிவு மேப்பை விட்டுப்போட்டா எங்கட பிரச்சினையில பாதி மறைஞ்சுபோகும்.

மேப் கீறுறதுக்கு கியூஜிஐஎஸ் எண்ட மேப் மென்பொருள் போதும், ஜிஎஸ் எல்லையோட உங்கட அட்டவணைய பிரிவு நம்பரால சேத்துவிடுங்கோ.

எட்டுப் பிள்ளையள் உள்ள பிரிவில ரெண்டு பேர் கட்டையா இருந்தா 25 வீதம் எண்டு சிவப்பாக் காட்டும், பக்கத்தில 200 பிள்ளையளில 40 பேர் இருந்தும் 20 வீதந்தான், அதனால சின்னப் பிரிவுகளப் பக்கத்துப் பிரிவோட சேருங்கோ, எண்ணிக்கையையும் மேல எழுதுங்கோ. வீடு வீடாப் புள்ளி வைக்கவே கூடாது, தாய்மாருக்கு அது அவமானம்.

கிளினிக்குக்கு வராத பிள்ளையள்தான் பெரும்பாலும் கூடக் கஸ்டத்தில இருக்கிறவை. மேப்ப மிட்வைஃப்மாரிட்டக் காட்டி ஆர் விடுபட்டது எண்டு கேளுங்கோ, அளக்காத இடத்துக்கு சாம்பல் நிறம் குடுங்கோ, பச்சை வேணாம்.