கிட்டார் பிக்கப்பின் ஓசையை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பை (காந்தமும் கம்பி சுற்றிய காயிலும் கொண்டது) மாற்றியமைக்க விரும்புபவர்களில் பலர் முதலில் நம்புவது மல்டிமீட்டர் காட்டும் எண்ணைத்தான். கிலோ ஓம் கூடக் கூட ஓசையும் கூடும் என்ற கணக்கில் புதிய பிக்கப் வாங்குகிறார்கள். சிலர் நன்றாக இருக்கும் காயிலைப் பிரித்து மறுபடி கட்டவும் துணிகிறார்கள். ஆனால் அந்த எண் சொல்வது கம்பியின் மின்தடையை மட்டுமே. ஃபெண்டர் டெலிகாஸ்டரின் கழுத்துப்புற பிக்கப் மரபாக 43 கேஜ் கம்பியாலும், ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் 42 கேஜ் கம்பியாலும் கட்டப்படுகின்றன. கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், மெலிந்த கம்பிக்குத் தடை அதிகம். ஆகவே டெலிகாஸ்டரின் அந்தப் பிக்கப் மீட்டரில் பெரிய எண்ணைக் காட்டினாலும், ஒலிக்கும்போது சாதுவாகவே இருக்கும். அதன் மேலுள்ள உலோக மூடி உச்ச ஒலிகளை இன்னும் சற்றுத் தணிக்கிறது.

ஓசையின் தன்மையைத் தீர்மானிப்பவை கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை, காந்தத்தின் வலிமை, காயிலின் தூண்டல் (இண்டக்டன்ஸ்) ஆகியவை. இவையும் தனியாக இயங்குவதில்லை. வால்யூம் பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடை), ஆம்ப் வரை செல்லும் கேபிள் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரே சுற்றாகத்தான் பிக்கப் வேலை செய்கிறது என்பதை மறப்பதே, என் பார்வையில், மிக அதிகம் பணத்தை வீணாக்கும் தவறு. ஒரே காயில் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட்டும், இரைச்சலைத் தணிக்க இரு காயில்களைச் சேர்த்த ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட்டும் வழக்கம். 250 பாட்டோடு இணைந்த ஹம்பக்கர் மந்தமாக ஒலித்தால், குறை பிக்கப்பில் இல்லாமலும் இருக்கலாம். கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் கூடி, உச்ச ஒலிகள் மங்கும் என்பதால், பிக்கப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு குட்டைக் கேபிளில் வாசித்துப் பார்ப்பது நல்லது.

பிக்கப்பின் உயரத்தைச் சரிபார்க்காமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதும் அவசரமே. சத்தம் வேண்டும் என்று ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பைத் தந்திகளுக்கு மிக அருகே உயர்த்தினால், காந்தத் தண்டுகள் தந்தியை இழுக்கும். தடித்த தந்தியின் மேல் ஃப்ரெட்களில் சுருதி அலைபாயும். வாசிப்பவரோ டியூனிங் ஆணிகளையும் பிரிட்ஜையும் குற்றம் சொல்வார். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கும்போது, பழைய பாணி பிக்கப்புகளுக்குத் தடித்த தந்திப் பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டரும் மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டரும் நல்ல தொடக்கம். அங்கிருந்து திருகை அரைச் சுற்றாகத் திருப்பிக் காதால் முடிவு செய்யலாம்.

மேற்சொன்னவற்றைத் திருத்திக்கொள்ள முடியும்; காந்தத்தில் கை வைத்து நேரும் தவறுகள் அப்படிப்பட்டவையல்ல. பழைய பாணி ஃபெண்டர் பிக்கப்புகளில் தலைமுடியைப் போன்ற கம்பி காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருப்பதால், ஒரு தண்டை அழுத்தி இறக்கினாலே உள்சுற்று அறுந்துவிடும். ஹம்பக்கரில் காயில்களுக்கு அடியிலுள்ள பட்டைக் காந்தத்தை உருவி, அல்நிகோ 5 என்ற காந்த வகைக்குப் பதில் ஓசை மென்மையான அல்நிகோ 2 பொருத்துவது பாதுகாப்பான வேலைதான். ஆயினும் காந்தம் திசை மாறிப் புகுந்தால், தனியாக ஒலிக்கும்போது ஒன்றும் தெரியாது. இரு பிக்கப்புகளையும் சேர்த்தால் ஃபேஸ் (ஒலியலைகளின் ஏற்ற இறக்கம்) ஒன்றுக்கொன்று முரண்பட்டு ஓசை சன்னமாகி உள்ளீடற்றதாகக் கேட்கும். கழற்றுமுன் திசைகாட்டியால் துருவத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கம்பி நிறங்களிலும் ஏமாறக் கூடாது. நான்கு கம்பி ஹம்பக்கர்களில், சீமோர் டங்கன் கறுப்பை ஹாட் கம்பியாக (சிக்னலை வெளியே கொண்டு செல்வது) வைக்கிறது. டிமார்சியோவில் அது சிவப்பு. ஒரு நிறுவனத்தின் வரைபடத்தை வைத்து மற்றதை இணைத்தால் ஃபேஸ் மாறும், அல்லது ஒரு காயில் மட்டுமே பேசும்.

பிக்கப் கீச்சிடுகிறது என்று, காயில் அதிராமல் இருக்க அதை மெழுகில் முக்குபவர்கள், மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. பாரஃபின் தீப்பற்றும், அதற்கு முன்பே காயில் சுற்றப்பட்ட பிளாஸ்டிக் சட்டமான பாபின் வளைந்துவிடும். சுடுநீருக்குள் வைத்த பாத்திரத்தில், வெப்பமானியின் துணையோடு, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸில் நிறுத்த வேண்டும். 1950-களின் கிப்சன் ஹம்பக்கர்கள் மெழுகில் முக்கப்படாதவை என்பதும், அவற்றின் திறந்த ஓசையை அதனாலேயே விரும்புவோர் உண்டு என்பதும், முக்குவதற்கு முன் நினைவில் இருக்கட்டும்.