உங்கள் கான்டாக்ட் லென்ஸ் கருவிழிக்கு எவ்வளவு ஆக்சிஜன் விடுகிறது? நீங்களே கணக்கிடும் முறை

கருவிழியில், அதாவது கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலத்தில் (கார்னியா), இரத்த நாளங்கள் கிடையாது. ஆகவே, விழித்திருக்கும் நேரத்தில் அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனின் பெரும்பகுதியைக் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்தே பெறுகிறது. லென்ஸ் அணிந்தபின் அந்தக் காற்று பெரும்பாலும் லென்ஸை ஊடுருவியே வந்து சேர வேண்டும்.

படி 1: லென்ஸின் தகவல் தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று 'டிகே' (Dk), அதாவது லென்ஸ் செய்யப்பட்ட பொருள் ஆக்சிஜனைக் கடத்தும் திறன். மற்றொன்று மில்லிமீட்டரில் தரப்படும் நடுப்பகுதித் தடிமன். நீர்ச்சத்து விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்: பழைய ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி வைக்கும் மென்மையான பிளாஸ்டிக்) வகையில் நீர் கூடினால் ஆக்சிஜனும் கூடும், ஆனால் அதில் சிலிகான் சேர்த்துச் செய்த சிலிகான் ஹைட்ரோஜெலில் ஆக்சிஜனைப் பெரிதும் கடத்துவது சிலிகானே.

படி 2: தடிமனைப் பத்தால் பெருக்கி, வரும் எண்ணால் டிகே-யை வகுக்கவும்; கிடைக்கும் விடையே உங்கள் லென்ஸ் ஆக்சிஜனை விடும் அளவு. டிகே 100, தடிமன் 0.08 மி.மீ. எனில், 100-ஐ 0.8-ஆல் வகுக்க 125 கிடைக்கும். டிகே 9, தடிமன் 0.06 மி.மீ. கொண்ட பழைய ஹைட்ரோஜெல் லென்ஸுக்கோ 15 மட்டுமே வரும்.

படி 3: அந்த எண்ணை ஒப்பிடுங்கள். பகலில் மட்டும் அணியக் குறைந்தது 24, இரவிலும் அணிய 87 என்று ஆய்வாளர்கள் ஹோல்டனும் மெர்ட்சும் 1984-இல் வரையறுத்தனர். 1999-இல் ஹார்விட்டும் பொனானோவும் அவற்றை 35, 125 என உயர்த்தினர். புதிய எண்களையே அளவுகோலாகக் கொள்வது நல்லது.

படி 4: பவரைக் கவனியுங்கள். தாளில் உள்ள தடிமன் வழக்கமாக மைனஸ் 3.00 பவருக்கானது. பிளஸ் லென்ஸ் நடுவிலும், உயர் மைனஸ் லென்ஸ் ஓரத்திலும் தடித்திருப்பதால், அவ்விடங்களில் உண்மையான எண் குறையும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

படி 5: இரவைத் தனியாகக் கணக்கில் கொள்ளுங்கள். இமை மூடியதும் கருவிழி இமையின் உட்புற நாளங்களை நம்பியிருப்பதால், அதற்கு எட்டும் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 8 விழுக்காடாகச் சரிகிறது. அதன்மேல் லென்ஸும் தடுத்தால், செல்களில் லாக்டேட் (ஆக்சிஜன் குறையும்போது உருவாகும் கழிவுப்பொருள்) தேங்கி, நீரை உள்ளிழுத்து, கருவிழி வீங்குகிறது. காலையில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது இதனால் இருக்கலாம். பற்றாக்குறை நீடித்தால், கருவிழியின் விளிம்பிலுள்ள நாளங்கள் உள்நோக்கி வளரத் தொடங்கும். எண் 125-ஐத் தாண்டினாலும் லென்ஸோடு உறங்குவது கிருமித்தொற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால், மருத்துவர் சொல்லாமல் அப்படி உறங்க வேண்டாம்.

படி 6: விளிம்பைச் சுற்றிச் சிவப்பு, வலி, கூச்சம் அல்லது மங்கல் தோன்றினால் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அணிந்து, லென்ஸையும் அதன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.