நீலகிரியில் நைட்ரோ காரை விட்டு மின்சார ஆர்.சி. காருக்கு மாறுதல்

கோயம்புத்தூரில் டியூன் செய்து கச்சிதமாக ஓடிய நைட்ரோ கார் (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும், ரேடியோவால் இயக்கும் சிறிய ஆர்.சி. மாதிரிக் கார்), ஊட்டிக்கு வந்ததும் புகை கக்கித் திணறும். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து, அதே அளவு எரிபொருள் அதிகப்படியாகிவிடுகிறது. கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சற்று உள்ளே திருகினால் கலவை சரியாகுமே தவிர, இழந்த திறன் திரும்பாது. எனவே மலையில் நிரந்தரமாக ஓட்டுபவர்கள் மின்சாரக் காருக்கு மாறுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முதல் காராக, உண்மைக் காரின் 1/10 அளவில், ஷாஃப்ட் (சுழல்தண்டு) மூலம் நான்கு சக்கரங்களும் இயங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். டாமியா நிறுவனத்தின் டிடி-02 (TT-02) போன்ற கார்களில் பல்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால், ஈரமண்ணும் பொடிக்கல்லும் எளிதில் உள்ளே புகுவதில்லை. அதன் அடிப்படை கிட்டில் (நாமே பூட்டும் உதிரிபாகத் தொகுப்பில்) அச்சுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்களே வரும். பூட்டும்போதே அவற்றுக்குப் பதிலாக பால் பேரிங் போட்டுவிட்டால், பின்னர் எல்லாவற்றையும் கழற்றும் வேலை மிச்சமாகும்.

அடுத்து கவனிக்க வேண்டியது பினியன், அதாவது மோட்டாரின் தண்டில் மாட்டும் சிறிய பல்சக்கரம். மெல்லிய காற்று மோட்டாரின் சூட்டைச் சமவெளியில் எடுப்பதுபோல எடுப்பதில்லை. ஏற்றமும் சேர்ந்தால் சூடு விரைவில் ஏறும். ஆகவே பினியனோடு இணையும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரை மாற்றாமல், பினியனில் மட்டும் ஓரிரு பல் குறைத்துப் போடுங்கள். 22 பல்லுக்குப் பதில் 20 பல் போட்டால் உச்ச வேகம் சுமார் 9 சதவீதம் குறையும், ஆனால் மேட்டில் இழுவை கூடும். மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் கார்களில், நோட்டுத் தாளிலிருந்து மெல்லிய துண்டு ஒன்றைக் கத்தரித்து இரு பல்சக்கரங்களுக்கும் இடையில் வைத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்துத் திருகை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றித் தாளை வெளியே எடுக்கும்போது, அதில் வளைவு நெளிவாக மடிப்பு விழுந்திருக்க வேண்டும். கிழிந்திருந்தால் இடைவெளி போதாது.

பேட்டரியில்தான் மிகுந்த கவனம் தேவை. டிசம்பர், ஜனவரி காலைகளில் உறைபனி விழும் இந்த ஊரில், குளிர்ந்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் உள்மின்தடை கூடி, முடுக்கியவுடன் மின்னழுத்தம் சரிந்து கார் சோர்ந்துவிடும். ஓட்டும் வரை பேட்டரியைக் கம்பளித் துணியில் சுற்றி வையுங்கள். அடுப்பருகிலோ வெந்நீர்ப் பையின் மேலோ வைக்கவே கூடாது. குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றுவதும் ஆபத்து. அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே ஏற்றுங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான ஈ.எஸ்.சி.யில் லைப்போ அமைப்பைத் தேர்ந்து, ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டில் மின்சாரம் துண்டிக்கப்படுமாறு வையுங்கள். சில நாட்கள் ஓட்டாமல் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்துங்கள்.

டயரில் மென்மையான ரப்பரும், ஆயில் டேம்பரில் (எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கியில்) சற்று மெல்லிய எண்ணெயும் குளிருக்குப் பொருந்தும். மூடுபனி இறங்கிய நாளில் ஓட்டினால், வீடு திரும்பியதும் பேரிங்குகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின், ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரின் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், மோட்டார் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பினியனில் இன்னொரு பல்லைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.