பகலில் பேத்திக்குப் பால் புகட்டும் பாட்டிகளுக்கு

என் மகள் திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். 26 வார விடுப்பில் கொஞ்சம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. ஐந்து மாதம்கூட நிறையாத பேத்தியை என்னிடம் விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை. பவுடர் பால் வேண்டாம், எடுத்து வைக்கிற தாய்ப்பாலே போதும் என்று தீர்மானித்தோம். அதில் பாதி வேலை தாயுடையது, பாதி நம்முடையது.

விடுப்பு முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே பால் எடுக்கத் தொடங்கிவிடுங்கள். பெரும்பாலான தாய்மாருக்குக் காலையில்தான் பால் நிறைய இருக்கும். குழந்தை குடித்து முடித்த பிறகு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியால் மார்பில் ஒத்தடம் கொடுத்து, மெல்ல நீவிவிட்டுப் பால் எடுக்கும் பம்பை வைக்கலாம். குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். வலித்தால் வேகம் அதிகம், அல்லது புனலின் அளவு பொருந்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது தவறு. முதலில் பாட்டிலின் அடிப்பாகம்தான் நனையும். "பால் போதவில்லை" என்று யாரும் வாய் திறக்காதீர்கள். எடுக்க எடுக்கத்தான் ஊறும். அலுவலகத்திலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். உடனே ஐஸ் பெட்டி, வீடு வந்ததும் ஃப்ரிட்ஜ். கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். அறுபது மில்லி அளவில் பிரித்து, தேதி எழுதி வையுங்கள். மேலே ஆடைபோல் கொழுப்பு மிதந்தால் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டாதீர்கள். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சவோ மைக்ரோவேவில் வைக்கவோ கூடாது.

இனி நம் வேலை. பசித்து அலறும்வரை காத்திருக்காதீர்கள். கையைச் சப்பத் தொடங்கும்போதே எடுங்கள். தாய் அறையில் இருந்தால் குழந்தைக்கு வாசனை தெரிந்துவிடும். அவள் சற்று வெளியே போகட்டும். அவள் உடுத்திய புடவையை உங்கள் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையை மடியில் நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்துக் கொடுத்தால் புரையேறும். நிப்பிளை உதட்டில் தொட்டுக் காத்திருங்கள், அதுவே வாயைத் திறக்கட்டும். பாட்டிலைக் கவிழ்க்காமல் கிடையாகப் பிடித்து, சில மடக்குக்கு ஒருமுறை தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள். மீதியைத் திணிப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன்.

பாட்டிலே பிடிக்காத குழந்தையும் உண்டு. சண்டை போடாமல், பால் புகட்டும் மூக்குக் கிண்ணமான பாலாடையை எடுங்கள். கீழ் உதட்டில் அதன் நுனியைச் சாய்த்துவைத்தால் குழந்தையே உறிஞ்சிக்கொள்ளும். மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவதும் எளிது. எனக்குப் பாட்டிலைவிட அதுதான் பிடிக்கும். எதுவானாலும் கழுவியபின் ஐந்து நிமிடம் கொதிக்கவையுங்கள். குறைமாதக் குழந்தையானால் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

வாய் வைத்த பாலில் மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். எவ்வளவு பாடுபட்டு எடுத்த பாலாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.