குழந்தை பார்த்ததை அழிக்காதீர்கள்: இயற்கைக் குறிப்பேட்டில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

விடுமுறை நாளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கோ கண்மாய்க் கரைக்கோ போய், பார்த்ததை ஒரு நோட்டில் எழுதவும் வரையவும் வைக்கிறவர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். நல்ல விஷயம். புதிதாக இதில் இறங்கும் இளைஞர்களோடும் ஆசிரியர்களோடும் அடிக்கடி சேர்ந்து போகிறேன். நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, வெயில் ஏறுமுன் திரும்புவது எல்லாம் சொல்லாமலே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஐந்திலிருந்து எட்டு வயது வரை உள்ள குழந்தைகள்தான் என் மனதில் இருப்பவர்கள்.

ஒரே காலையில் எல்லாவற்றையும் காட்டுவது

குளம், பறவை, வண்ணத்துப்பூச்சி, மரம் என்று பட்டியல் போட்டு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வேப்பமரத்தின் அடிப்பகுதி போதும். பட்டையின் வெடிப்பு, வடிந்து உறைந்த பிசின், ஏறி இறங்கும் எறும்பு, வேருக்கடியில் ஒரு மரவட்டை. ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பார்த்ததை அழித்து, நமக்குத் தெரிந்ததை எழுத வைப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான்.

ஒரு கண்மாய்க் கரையில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி காக்கை வரைந்துகொண்டிருந்தாள். தலை கருப்பு, இறக்கை கருப்பு. கழுத்துக்கு வந்ததும் வண்ணப் பெட்டியைத் துழாவினாள். சாம்பல் நிறம் இல்லை. கருப்பையே எடுத்து, அழுத்தாமல் மேலாக ஒரு தேய் தேய்த்தாள், சாம்பல் வந்துவிட்டது. யாரும் சொல்லித் தராமல் அவளே கண்டுபிடித்த வழி அது. அந்த நேரம் பார்த்து, கூட வந்த பெண் ஒருவர் குனிந்து, "காக்கா கருப்புதானே பாப்பா? இங்க விட்டுட்ட பாரு" என்றார். "கழுத்து வேற மாதிரி இருந்துச்சு அக்கா" என்றாள். "வெயில்ல அப்படித் தெரியும். நல்லா அழுத்தித் தீட்டு." தீட்டிவிட்டாள். அடுத்த பக்கத்தில் என்ன வரைந்தாள் தெரியுமா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், குறுக்கே ஓர் ஆறு. அந்தக் கண்மாயைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை கிடையாது.

நம் தெருவில் சாதாரணமாகத் திரியும் வீட்டுக் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம்தான். உடம்பு முழுக்கக் கருப்பாக, அலகு இன்னும் தடித்து இருப்பது அண்டங்காக்கை. இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளத்தை ஏழு வயதுக் குழந்தை தானாகவே பார்த்திருக்கிறாள். திருத்தியவர் அந்தக் காக்கையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இது ஏதோ ஒருநாள் நடந்தது என்று நினைக்காதீர்கள். மாந்தளிரைச் செம்பு நிறத்தில் தீட்டிய பையனிடம் இலை என்றால் பச்சை என்கிறார்கள். ஒரே பூவரச மரத்தில் மஞ்சள் பூவும் சிவந்த பூவும் வரைந்தால் ஏதாவது ஒரு நிறம் போடச் சொல்கிறார்கள். மஞ்சளாகப் பூத்த பூவரசம்பூ வாடும்போது சிவக்கும், அதனால் இரண்டும் ஒரே கிளையில் இருக்கும். புள்ளி புள்ளியாகக் குயில் வரைந்தால், குயில் கருப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். கருப்பு ஆண் குயில். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வண்ணத்துப்பூச்சிக்கு நாலு கால் போட்ட குழந்தையிடம், பூச்சி என்றால் ஆறு கால் என்று பாடம் எடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். எருக்கஞ்செடியைச் சுற்றி வரும் வெந்தய வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கு முன்னங்கால் இரண்டும் சிறுத்து நெஞ்சோடு ஒட்டியிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது நாலுதான் தெரியும். குழந்தை எண்ணிப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது.

எழுத்தில் நடப்பது இதைவிட மோசம். எழுதத் தெரியாத குழந்தை சொல்லச் சொல்ல நாம் எழுதிக் கொடுப்போம் இல்லையா, அங்கேதான் நடக்கிறது. ஒரு பையன் சொன்னான்: "எறும்பு சோத்தத் தூக்கிட்டுப் போச்சு. செவுத்துல ஏறும்போது விழுந்துடுச்சு. இன்னொரு எறும்பு வந்து அந்தப் பக்கம் இழுத்துச்சு. இது இந்தப் பக்கம் இழுத்துச்சு." நோட்டில் ஏறியது: "எறும்பு சுறுசுறுப்பானது. எறும்புகளிடம் நாம் ஒற்றுமையைக் கற்றுக்கொள்ள வேண்டும்." அவன் பார்த்தது ஆளுக்கொரு பக்கம் இழுத்த எறும்புகளை! நாலு வரியில் ஒரு முழு நிகழ்ச்சியைச் சொன்ன பிள்ளையின் நோட்டில் யாரோ எழுதிய கட்டுரை வரி உட்கார்ந்திருக்கிறது.

இதன் விலை உடனே தெரியாது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், விடை மரத்தில் இல்லை, பெரியவர் மண்டையில் இருக்கிறது என்று குழந்தை முடிவு கட்டிவிடும். ஒவ்வொரு கோடு போட்ட பிறகும் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, கவனியுங்கள். அதுதான் அறிகுறி. அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

சரி, குழந்தை உண்மையிலேயே தவறாக வரைந்தால்? சிலந்திக்கு ஆறு கால் போட்டிருக்கிறது என்று வையுங்கள். "வா, மறுபடி பார்த்துட்டு வருவோம்" என்று வலை இருக்கும் இடத்துக்கே போங்கள். பார்த்த பிறகு பக்கத்தில் இன்னொரு சிலந்தி வரையட்டும். முதல் படம் அப்படியே இருக்கட்டும். சிலந்தி போய்விட்டதா, விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் வரும். நாம் கேட்க வேண்டியது "எங்க பார்த்த?", "அப்புறம் என்ன பண்ணுச்சு?" இவ்வளவுதான். சொல்லும்போது எழுதித் தருவதானால் அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள், 'செவுத்துல' என்றால் 'செவுத்துல'. திருத்த வாய் திறக்கும் முன் நீங்களும் ஒருமுறை அந்தப் பொருளைப் பாருங்கள். பல சமயம் குழந்தை போட்டதுதான் சரியாக இருக்கும்.

ரப்பர்

வீட்டிலேயே இருக்கட்டும்.

பெயரைச் சொல்லி முடித்துவைப்பது

"இது மைனா" என்று சொன்ன நிமிடமே நோட்டில் 'மைனா' என்று எழுதிவிட்டுக் குழந்தை நகர்ந்துவிடும். கண்ணைச் சுற்றியிருக்கும் மஞ்சள் தோலையும், பறக்கும்போது இறக்கையில் பளிச்சிடும் வெள்ளையையும் பார்த்திருக்காது. வரைந்து முடித்த பிறகு, கேட்டால் சொல்லுங்கள். ஓணானுக்கு வீட்டில் ஓடக்கான் என்று சொல்வார்களானால் அதுவே நோட்டில் இருக்கட்டும், அடித்துத் திருத்த வேண்டாம்.

"அழகாக இருந்தது" என்பதோடு விடுவது

எல்லாப் பக்கமும் இதே வரியில் முடிகிறது என்றால் கண்ணுக்கு மட்டும்தான் வேலை கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சொரசொரப்பா, வழவழப்பா, பிசுபிசுப்பா? பவழமல்லி இலையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த ஒரு பையன் "பூனை நாக்கு" என்றான். நான் பத்து நிமிடம் யோசித்திருந்தாலும் அது வந்திருக்காது. காதுக்கும் இதே போலத்தான். இரண்டு நிமிடம் எல்லோரும் சத்தம் போடாமல் உட்கார்ந்து, கேட்டதை எல்லாம் அந்தச் சத்தமாகவே எழுத வேண்டும். பம்புசெட்டும் பஸ் ஹாரனும் வந்தால் வரட்டும், அவையும் அந்த இடத்துச் சத்தம்தான்.

சிவப்புப் பேனா

ல, ள, ழ திருத்த வேறு நோட்டு இருக்கிறது.

பச்சை இலையை அப்படியே ஒட்டுவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்து நோட்டே வீணாகும். பழைய செய்தித்தாள் நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளைத் தினம் மாற்றுங்கள். இலை நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டலாம். அவ்வளவு பொறுமை இல்லாத குழந்தைக்குத் தேய்ப்புப் படம் இருக்கிறது. அரச இலையையோ பூவரச இலையையோ நரம்பு மேலே தெரியும்படி திருப்பி வைத்து, மெல்லிய தாளை மேலே போட்டு, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு நரம்பும் எழுந்து வரும்.

எதைத் தொடக்கூடாது என்று சொல்லாமல் கூட்டிப்போவது

இதில் அலட்சியம் வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணையே பாதிக்கும். அரளி முழுக்க விஷம். குன்றிமணியின் சிவப்பும் கருப்பும் குழந்தையைச் சுண்டி இழுக்கும், மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கம்பளிப்பூச்சியின் முடி பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும். முந்தின நாள் நீங்கள் மட்டும் போய் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். மறுநாள் போனதும் அந்தச் செடிகளைக் காட்டி, பார்க்கலாம், வரையலாம், தொடவும் வாயில் வைக்கவும் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். திரும்பியதும் முதல் வேலை கை கழுவுவது.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு

வேண்டவே வேண்டாம்.

போனில் படம் எடுத்து, அதைப் பார்த்து வரைய வைப்பது

படத்தில் பூ அசையாது, மணக்காது, திருப்பிப் பார்க்க அதற்குப் பின்பக்கமும் கிடையாது. எந்தப் பக்கத்தை வரைவது என்பதையும் படம் எடுத்தவரே முடிவு செய்துவிடுகிறார். போன் பையிலேயே இருக்கட்டும். பறந்துபோன தும்பி பாதியோடு நின்றுவிட்டதே என்று குழந்தை கேட்டால், பாதித் தும்பிக்குக் கீழே 'பறந்துடுச்சு' என்று எழுதித் தேதி போடச் சொல்லுங்கள்.